சமைக்கப் பிடிக்காதவர்

குன்னூர் பேருந்து நிலையத்துக்கு மேலே, ஏற்றத்தில், என் அக்கா வீட்டுக்காரர் நடத்தும் ஓட்டலில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் நான். காலைப் பலகாரத்துக்குப் பேர்போன கடை. பொங்கலால் வந்த பேர் என்பார்கள் சிலர், வடையால் என்பார்கள் சிலர். குளிரால் வந்தது என்பது என் கட்சி. விடியக்காலைச் சாரலில் நனைந்து, பல் கிட்டிப்போய் உள்ளே வருகிறவனுக்கு எதைச் சுடச்சுட வைத்தாலும் அமிர்தம்தான். இதை மாமா காதுபட நான் சொல்வதில்லை.

எங்கள் கடைக்குச் சாப்பிட வந்துகொண்டிருந்த அந்த அம்மாவின் பேர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருடைய மகன் டாக்ஸியைக் கொண்டுவந்து கடைக்குக் குறுக்கே நிறுத்திவிடுவான். அதனால் வேண்டாம். கடையில் எங்களுக்கு அவர் சிலோன் அம்மா. சின்ன வயதில் பெற்றோரோடு அங்கேயிருந்து கப்பலேறி வந்து, இங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். காபியைக் கோப்பி என்பார், டீயைத் தேத்தண்ணி என்பார். ஆம்பிளை ஸ்வெட்டர், தலையில் கட்டம் போட்ட துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ காவல்காரர் வருகிறார் என்று தோன்றும். பக்கத்தில் வந்த பிறகும் கொஞ்சம் அப்படித்தான்.

முதல் நாள் வந்தபோது, தோசைக்கல்லுக்கு எதிரே இருக்கும் முதல் மேசையில் போய் உட்கார்ந்தார். எங்கள் கடையில் பெண்களுக்கென்று பிளைவுட் அடைத்து, பச்சைத் திரை தொங்கவிட்டு, ‘குடும்ப அறை’ என்று எழுதிய ஒரு பொந்து உண்டு. மாமா எழுந்து போய், “ஏனுங்கம்மா, உள்ள உக்காருங்க, அங்க சௌகரியமா இருக்கும்” என்றார். அம்மா எழுந்தார், திரையை விலக்கிப் பார்த்தார், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“குடும்பத்த வீட்ல விட்டுட்டுத்தானே முதலாளி இங்க வந்திருக்கேன். மறுபடியும் அதுக்குள்ளயே போகச் சொன்னா எப்படி?”

கடையில் இருந்த டிரைவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமாவும் சிரிக்கவேண்டியதாயிற்று. அன்றிலிருந்து முதல் மேசை அவருடையது. சீசன் கூட்டத்தில் வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் அவர்களை எழுப்பமாட்டார். எதிரே நின்று அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பாதித் தோசையில் எழுந்து ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தினமும் வந்தார். ஞாயிறு, பண்டிகை, கடையடைப்பு எதுவும் கணக்கில்லை. கடை பாதிக் கதவு சாத்தியிருந்தால் குனிந்து வருவார். ஒரு பெண்பிள்ளை, சொந்த வீடு இருக்க, மகன் இருக்க, தினமும் காலையில் ஓட்டலில் வந்து தின்கிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஊர் என்றால் யாரோ இல்லை. என் அக்காதான் முதலில் கேட்டாள்.

“அந்தம்மாவுக்கு ஊட்ல என்னடா பிரச்சன?”

பிரச்சனையை ஆளாளுக்குத் தயாரித்தார்கள். செத்துப்போன புருஷன் சாப்பாட்டுத் தட்டை வீசியடிப்பவன், அந்தக் கோபம் என்றார்கள். தோட்டத்து லயன் வீட்டில் இருந்தபோது சேலையில் நெருப்புப் பிடித்து, அந்தப் பயம் என்றார்கள். பழனிக்கு ஏதோ வேண்டுதல் என்றுகூட ஒருவர் சொன்னார். பால் ஊற்ற வருகிறவர், அந்த அம்மாவின் அடுப்பங்கரையில் புதையல் இருப்பதாக நம்பினார்.

ஒருநாள் கூட்டம் குறைந்த நேரம், நானே கேட்டுவிட்டேன். “ஏம்மா, ஊட்ல சமைக்கறதில்லீங்களா?”

“இல்ல.”

“ஏனுங்க?”

“பிடிக்கல.”

நான் மேற்கொண்டு ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அவர் சட்னியை வழித்துக்கொண்டிருந்தார்.

“வேற ஒண்ணும் இல்லீங்களா?”

“வேற என்னய்யா வேணும்? உனக்குப் பாவக்கா பிடிக்காதுன்னா யாராச்சும் கதை கேக்குறாங்களா? எனக்குச் சமைக்கப் பிடிக்காது. பிள்ள வளர்ற மட்டும், புருஷன் இருந்த மட்டும் செஞ்சேன். அவங்களும் பாவம், தின்னாங்க. இப்ப என் பென்ஷன், என் வயிறு.”

இதை நான் ஊருக்குச் சொன்னபோது ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பிடிக்காமல் இருப்பது ஒரு காரணமா? அதற்குக் கீழே ஏதோ இருக்கிறது என்றார்கள். புதையல் கட்சிக்கு ஆள் சேர்ந்தது.

சமைக்கப் பிடிக்காதே தவிர, சாப்பிடுவதில் அவருக்கு இருந்த பக்தியை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. பொங்கல் தட்டு வந்ததும் முதலில் ஆவியை முகத்தில் வாங்குவார். பிறகு ஒரு வாய். பிறகு கண்ணை மூடிக் கொஞ்சநேரம். அப்புறம்தான் பேச்சு. நன்றாக இருந்தால் எழுந்து, தோசைக்கல் வரைக்கும் நடந்து போய், மாஸ்டரிடம், “இன்னைக்கு மிளகு சரியா விழுந்திருக்கு” என்று சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைச் சாப்பிடுவார். நன்றாக இல்லாவிட்டாலும் அதே நடை. “இட்லி ஆஸ்பத்திரிப் பஞ்சு மாதிரி இருக்கு தம்பி. உடம்புக்கு முடியலையா?” எங்கள் மாஸ்டர் பேசாத மனுஷன். அவரிடம் இருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் இரண்டு தோசை சுட்டுவிடலாம். அந்த அம்மா வந்து நிற்கும்போது மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

அடுத்தவர் தட்டையும் விடமாட்டார். பெங்களூரில் இருந்து வந்த ஒரு ஜோடி, நெய் ரோஸ்ட்டை வைத்துக்கொண்டு நின்றும் உட்கார்ந்தும் சாய்ந்தும் படம் எடுத்துக்கொண்டே இருந்தது. அம்மாவால் தாங்கமுடியவில்லை. “கண்ணு, ஆறுது. போட்டாவத் திங்க முடியாது” என்றார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அம்மா கையை நீட்டி ரோஸ்ட்டின் ஓரத்தை மொறுக்கென்று ஒடித்து அவள் கையில் கொடுத்து, வாயில் போடு என்று ஜாடை காட்டினார். மாமா கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

மாமாவின் மானம் உண்மையில் போனது வேறொரு நாள். எங்கள் கடையில் ஒரு ரகசியம் உண்டு. மாமா கடைப் பலகாரத்தைத் தொடமாட்டார். அக்கா விடிகாலையில் எழுந்து சமைத்து, டிபன் கேரியரில் கொடுத்தனுப்புவாள். குடும்ப அறைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, ஏப்பத்தையும் விழுங்கிக்கொண்டு வெளியே வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைந்து வழிகிறது. அந்த அம்மா கை கழுவப் போனவர், திரையை விலக்கிப் பார்த்துவிட்டார்.

“ஏன் முதலாளி, உங்க கடைச் சாப்பாட்ட நீங்க சாப்பிட மாட்டீங்களா?”

அவர் குரல் தேயிலைக் காட்டில் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். கடை முழுக்கக் கேட்டது. ஒரு டிரைவர் வாய்க்குக் கொண்டுபோன இட்லியை நிறுத்தி, அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.

மறுநாள் முதல் மாமா, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, முதல் மேசையில் அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து இட்லி தின்றார். முதல் வாரம் மருந்து சாப்பிடுகிறவர் முகம். பிறகு பழகிவிட்டது. “மாப்ள, நம்ம சாம்பார் அப்படியொண்ணும் மோசமில்ல” என்று என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னார். என் அக்கா கல்யாணமான நாளிலிருந்து முதன்முதலாக விடிந்த பிறகு எழுந்தாள். பிரச்சனை என்னவென்று அவள் அப்புறம் கேட்கவேயில்லை. கார்த்திகைக்கு அந்த அம்மாவுக்கு ஒரு சேலை கொடுத்தனுப்பினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகனுக்குப் பெண் அமைந்தது.

பெண் கூடலூர்ப் பக்கம். நர்ஸ் படித்தவள். அவர்களும் சிலோனில் இருந்து வந்த குடும்பம்தான். தகப்பன் இல்லை, தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். மிளகு வியாபாரி. மீசையே ஒரு கிலோ இருக்கும். மாப்பிள்ளை வீடு பார்க்க ஜீப் நிறைய வந்தவர்களை, அந்த அம்மா வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, நேராக எங்கள் கடைக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்லவேளை, கூட்டமில்லை. பொங்கல், வடை, தோசை எல்லாம் போயிற்று. தாய்மாமன் பொங்கலை ஒரு வாய் வைத்து, தன்னையறியாமல் “கொள்ளாம்” என்றார். பாதி வாழ்க்கை கேரள எல்லையில் கழித்தவர் அல்லவா, நன்றாக இருந்தால் மலையாளம்தான் முதலில் வரும். பிறகு ஞாபகம் வந்து மீசையை இறுக்கிக்கொண்டார்.

“பையனப் புடிச்சிருக்கு. இடமும் புடிச்சிருக்கு” என்றார். “ஆனா கடையில தின்னுட்டு சம்பந்தம் பேச முடியாது. வர்ற ஞாயித்துக்கெழம வர்றோம். உங்க வீட்ல, உங்க கையால சமைச்சு, நாங்க கை நனைக்கணும். அப்பதான் முடிவு.”

எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். சம்பந்தம் பேசுகிற வீட்டில் முடிவாகும் வரை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். கை நனைத்தால் கல்யாணம் உறுதி. அம்மா தட்டிலிருந்து நிமிர்ந்தார். மகன் முந்திக்கொண்டு, “சரிங்க மாமா, வாங்க” என்றான். அவன் ஏற்கனவே அந்தப் பெண்ணோடு போனில் பேச ஆரம்பித்திருந்தான் என்று அவன் காதைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க முதல் மேசையில் சிரிப்பில்லை. வியாழக்கிழமை மகன் டாக்ஸியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

“ஒரு நாள்மா. ஒரே ஒரு நாள். எனக்காக.”

“எனக்கு வராதுடா.”

“வராதுன்னா, எங்களுக்கெல்லாம் சமைச்சுப் போட்டது யாரு?”

“நீ தின்ன மொகத்த நீ பாத்திருந்தா கேக்கமாட்ட.”

அவன் கோபத்தில் வெளியே போய்விட்டான். அந்த அம்மா தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பாதிப் பொங்கல் மிச்சம் வைத்தார். மாஸ்டர் அந்தத் தட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மாமாதான் யோசனை சொன்னார். “ஏனுங்கம்மா, இதுக்குப் போய் எதுக்குங்க வெசனம்? மாஸ்டர் இங்க சமைக்கட்டும். வெள்ளன ஆறு மணிக்கே உங்க ஊட்டுப் பாத்திரத்துல ஊத்தி வெச்சிடறோம். யாருக்குத் தெரியப்போகுது?”

“சம்பந்தி, ‘நல்லா இருக்கு, யாரு சமைச்சது’ன்னு கேட்டா?”

“நீங்கதான்னு சொல்லுங்க.”

“தம்பி சமைச்சத என் பேர்ல போடச் சொல்றீங்களா முதலாளி?” என்றார் அந்த அம்மா. “அதுக்கு நானே சமைச்சுடுவேன்.”

சமைத்துவிட்டார்.

பாத்திரம், கேஸ் அடுப்பு, கரண்டி எல்லாம் எங்கள் கடையிலிருந்து போயிற்று, கொண்டுபோனவன் நான். அடுப்பங்கரைக்குள் நுழைந்ததும் எனக்குப் புதையல் ரகசியம் விளங்கியது. பழைய அடுப்புக்குள் ஒரு கோழி முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. மேடை மேல் குடைகள், ஒரு சைக்கிள் டயர், உருளைக்கிழங்கு விதை. கோழியை இடம் மாற்றுவதற்கே பெரும்பாடாகிவிட்டது. உதவட்டுமா என்று கேட்டேன். “வேணாம். வெளிய இரு. பாத்தா எனக்குக் கை ஓடாது” என்றார். பார்க்காவிட்டாலும் ஓடவில்லை என்பது உள்ளே கேட்ட சத்தத்தில் தெரிந்தது.

ஜீப் வந்தது. இலை போட்டார்கள். மாமாவும் நானும் மாப்பிள்ளை பக்கத்து ஆட்களாக ஓரமாக உட்கார்ந்தோம். சோறு கீழே தீய்ந்து, மேலே அரிசியாக, நடுவில் கூழாக இருந்தது. ஒரே பானையில் மூன்றையும் கொண்டுவருவது லேசான காரியமில்லை. சாம்பாரில் பருப்பும் தண்ணீரும் சண்டை போட்டுப் பிரிந்திருந்தன. கோழிக்குழம்பில் கோழி இன்னும் மனசைத் தேற்றிக்கொள்ளவில்லை. பாயசத்தில் கரண்டி குத்தி வைத்த கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

தாய்மாமன் ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பெண்ணின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மகன் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை.

அந்த அம்மா கரண்டியோடு நேராக அவர் எதிரில் வந்து நின்றார்.

“எப்படி இருக்கு?”

தாய்மாமன் விழுங்கிவிட்டு நிமிர்ந்தார். அவரும் பொய் சொல்லத் தெரியாத ஜாதி போலிருக்கிறது.

“நல்லா இல்லம்மா.”

“நான் சொன்னேனில்ல? பிடிக்காது, வராதுன்னு சொன்னா ஒருத்தரும் நம்பறதில்ல. ஏதோ சத்தியம் பண்ணிட்டு உக்காந்திருக்கேன்னு நினைக்கிறாங்க. இதத்தான் என் புருஷன் ஆயுசு முழுக்கத் தின்னாரு. ஒரு நாள் தட்ட வீசியிருந்தாக்கூட நான் கோவிச்சிருக்க மாட்டேன்.” கரண்டியைக் கீழே வைத்தார். “உங்க பொண்ணு வந்தா, பிடிச்சா சமைக்கட்டும். பிடிக்கலன்னா என்கூட வந்து சாப்பிடட்டும். அத நான் ஒரு குத்தமா சொல்ல மாட்டேன். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

தாய்மாமன் தன் இலையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த தங்கையைப் பார்த்தார். தங்கை, அதாவது பெண்ணின் அம்மா, தலையை மெதுவாக ஆட்டினார். கண்ணில் ஈரம் மாதிரி ஏதோ இருந்தது. அது சந்தோஷமா, கோழிக்குழம்புக் காரமா என்று என்னால் சொல்லமுடியாது.

“சரி. கை நனஞ்சாச்சு. சம்பந்தம் முடிஞ்சுது” என்றார் தாய்மாமன். பிறகு மாமா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். “அந்தக் கடை இப்ப தெறந்திருக்குமா?”

கடையில் மத்தியானம் சாப்பாடு கிடையாது. மாஸ்டர் படுத்திருந்தார். எழுந்து கல்லைச் சூடாக்கி, நிச்சயதார்த்த விருந்தைத் தோசையில் முடித்துவைத்தார். அதிகம் தின்றது அந்த அம்மாதான்.

கல்யாணமான மறுநாள் காலையில் மருமகளோடு வந்து முதல் மேசையில் உட்கார்ந்தார். அந்தப் பெண் உண்மையில் நன்றாகச் சமைப்பாள். அதிலும் அம்மாவுக்கு ஒரு குறை. “நல்லாத்தான் சமைக்கிறா. ஆனா அவ சமைச்சா நான் பாத்திரம் கழுவவேண்டியிருக்கு” என்றார். அதனால் சமைத்தாலும் சமைக்காவிட்டாலும் காலையில் இருவரும் இங்கேதான். இரவு வேலை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வரும் நாட்களில் அந்தப் பெண் தோசை வருவதற்குள் மேசையிலேயே தூங்கிவிடுவாள். மாமியார் தன் தலைத்துண்டை அவிழ்த்து அவள் முதுகில் போட்டுவிட்டு, அவள் தோசையையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, அவளுக்குப் புதிதாக ஒரு தோசை சொல்வார்.

போன வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் ஒருநாள், வழக்கம்போல வந்து, வயிறார உண்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். செய்தி வந்தபோது மாமா முதலில் என்னைக் கேட்டது, “நம்ம கடையில என்னடா சாப்பிட்டாங்க?” என்பதுதான். அப்புறம் அப்படிக் கேட்டதற்காக அழுதார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் முன்னின்று நடத்தினார். அவங்களுக்குப் பிடிச்சத வைங்க என்றார். மாஸ்டர் குளித்து, திருநீறு பூசி, தூக்குவாளியோடு முன்னால் வந்தார். பொங்கலும் வடையும் கோப்பியும்.

“கடைச் சாப்பாடா? படையல் வீட்டு அடுப்புல செஞ்சதா இருக்கணும்பா” என்றார் பெரியவர்.

மருமகள் எழுந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “வீட்ல செஞ்சது அத்தைக்கு ஆகாது தாத்தா. கடையில இருந்து வந்ததையே வைங்க.”

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் மிளகு வியாபாரி இருமினார். “அந்த வீட்டு அடுப்புல நான் சாப்பிட்டிருக்கேன். பொண்ணு சொல்றதக் கேளுங்க.”

வைத்தார்கள். கும்பிட்டார்கள். காக்கைக்கென்று ஒரு சிறு இலையில் பொங்கலும் வடையும் எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லைச் சுவரில் வைத்துவிட்டு, எல்லோரும் சாரலில் நின்று கா கா என்று கத்தினோம். மழையில் ஒரு காக்கையும் வெளியே வரவில்லை. காக்கை எடுக்காமல் பந்தி போட முடியாது. மகன் தொண்டை கட்டும் வரை கூப்பிட்டான். அவன் குரல் உடைந்துகொண்டே போனது. கேட்கக் கஷ்டமாக இருந்தது.

அப்போது சில்வர் ஓக் மரத்திலிருந்து தகரக் கூரை மேல் தொப்பென்று ஒரு குரங்கு குதித்தது. சுவருக்கு இறங்கி, இலையைப் பார்த்து, வடையை எடுத்து, முகர்ந்து, மறுபடி கூரைக்குப் போய் உட்கார்ந்து கடித்தது.

“ஐயய்யோ, அபசகுனம்! வெரட்டுங்கடா!” என்று பெரியவர் கம்பைத் தூக்கினார்.

“விடுங்க தாத்தா, சாப்பிடட்டும்” என்றாள் மருமகள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளைப் பார்த்து மகன். அப்புறம் என் அக்கா. கடைசியில் தாய்மாமன் மீசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறோமா சிரிக்கிறோமா என்று எங்களுக்கே தெரியாமல் கொல்லையில் நின்றோம்.

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்து, மரியாதையாகக் கேட்டார்:

“பொங்கல் இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?”